மன்னிப்பும் நீதியும்: ஸ்டீபன் லோறன்ஸின் பெற்றோர் நடந்த பாதை

திருவிவிலியம் எடுத்துரைக்கும் முதலாவது கொலை ஒரு வயல்வெளியில் நிகழ்ந்தது. கொன்றவன் அண்ணன், கொல்லப்பட்டவன் தம்பி. பார்த்த சாட்சிகள் எவருமில்லை. அன்றிரவு தந்தை ஆதாம் என்ன செய்தார், தாய் ஏவாள் எவ்வாறு அழுதாள் என்பதைத் தொடக்க நூல் நமக்குச் சொல்லவில்லை. ஆனால் ஒன்றை மட்டும் அது ஐயத்துக்கு இடமின்றிச் சொல்கிறது. சிந்தப்பட்ட இரத்தத்துக்கு ஒரு குரல் உண்டு. கொன்றவன் தனக்கு எதுவும் தெரியாதென்று கையை விரிக்கும்போதும், அக்குரல் மண்ணிலிருந்து எழுந்து இறைவனின் செவியை எட்டுகிறது (தொ.நூ. 4:8-10).

அக்குரலை இறைவன் கேட்கிறார். மனிதர் கேட்கிறார்களா? பிள்ளையை அநியாயமாகப் பறிகொடுத்த பெற்றோர் நீதி கேட்டு வாசல் வாசலாக அலையும்போது, "மன்னித்துவிடுங்கள், மறந்துவிடுங்கள், எல்லாவற்றையும் ஆண்டவரிடம் விட்டுவிடுங்கள்" என்று ஆறுதல் சொல்பவர்கள் நம்மிடையே பலர். அவ்வார்த்தைகள் நல்லெண்ணத்தோடு சொல்லப்படுபவைதாம். ஆயினும் நீதி தேடுவது மன்னிப்புக்கு எதிரானதா? மன்னித்த ஒருவர் அதன்பின் வழக்கைத் தொடரலாகாதா? மன்னிக்க இயலாமல் தவிக்கும் தாய் விசுவாசத்தில் குறைந்தவளா? இக்கேள்விகளுக்கு ஏட்டறிவால் மட்டும் விடை காண இயலாது. ஆகவே, பிரித்தானியாவின் மனச்சாட்சியையே உலுக்கிய ஒரு குடும்பத்தின் வரலாற்றை இவ்வாரம் வாசகர்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறோம்.

பஸ் தரிப்பிடத்தில் ஓர் இளைஞன்

நெவில் லோறன்ஸும் டொரீனும் கரிபியன் தீவான ஜமெய்க்காவில் பிறந்து, இங்கிலாந்தில் குடியேறியவர்கள். தென்கிழக்கு இலண்டனில் உழைத்து, மூன்று பிள்ளைகளை வளர்த்த சாதாரண குடும்பம். தந்தை கைத்தொழில் வல்லவர். தச்சு வேலையும் சுவர்ப் பூச்சு வேலையும் செய்தவர். மூத்த மகன் ஸ்டீபன் 1974 செப்டெம்பர் 13 இல் பிறந்தவன். கட்டடக் கலைஞனாக வேண்டுமென்பது அவனுடைய கனவு. அதற்காக உயர்தர வகுப்பில் படித்துக்கொண்டிருந்தான். ஓட்டப் போட்டிகளிலும் ஆர்வமுள்ளவன்.

1993 ஏப்ரல் 22, வியாழக்கிழமை. உயிர்ப்புப் பெருவிழா கழிந்து பதினொரு நாட்களே ஆகியிருந்தன. இரவு பத்தரை மணியளவில், எல்தம் என்னும் பகுதியில் வீடு திரும்பும் பஸ்ஸுக்காக ஸ்டீபனும் அவனுடைய நண்பனும் காத்து நின்றனர். வெள்ளையின இளைஞர் குழுவொன்று அவர்களுடைய நிறத்தைச் சுட்டி இழிசொல் கூறியவாறு வீதியைக் கடந்து வந்து ஸ்டீபனைச் சூழ்ந்தது. இரண்டு கத்திக்குத்துகள். எல்லாம் சில விநாடிகளில் முடிந்துவிட்டன. இரத்தம் பெருக்கெடுத்த நிலையிலும் அவன் நண்பனைத் தொடர்ந்து 100 மீற்றருக்கும் அதிகமான தூரம் ஓடி, நடைபாதையில் வீழ்ந்தான். அன்றிரவே அவனுடைய உயிர் பிரிந்தது. அவனுக்கு வயது 18.

அவ்வேளையில் ஆலயத்தில் செபக் கூட்டம் முடிந்து ஒரு கணவனும் மனைவியும் அவ்வழியே நடந்து வந்தனர். இரவு நேரத்தில் ஓடிவரும் இரு கறுப்பின இளைஞரைக் கண்டதும் தமக்கு முதலில் தயக்கம் ஏற்பட்டதைக் கணவர் பின்னர் மறைக்காமல் எடுத்துரைத்தார். ஆயினும் அவர்கள் விலகிச் செல்லவில்லை. வீழ்ந்து கிடந்தவனின் அருகில் மண்டியிட்டனர். இறக்கும் மனிதனிடம் கடைசிவரை எஞ்சியிருப்பது செவிப்புலன் என்பதை அறிந்திருந்த அப்பெண்மணி, அவனுடைய காதருகே குனிந்து, அவன் அன்பு செய்யப்படுகிறான் என்று மீண்டும் மீண்டும் சொன்னார். எரிக்கோவுக்குச் செல்லும் வழியில் அடிபட்டுக் கிடந்தவனைக் கண்டு ஒதுங்கிப் போனவர்கள் ஆலயப் பணியாளர்கள். இங்கோ, ஆலயத்திலிருந்து வந்தவர்கள் தம் தயக்கத்தை வென்று நின்றார்கள். வீடு சென்ற கணவர், தம் கைகளில் படிந்திருந்த இரத்தத்தைக் கழுவிய நீரைத் தோட்டத்தில் நின்ற பழைய ரோஜா மரத்தின் அடியில் ஊற்றினார். அவ்வாறேனும் அவ்விளைஞன் சிறிது வாழட்டும் என்பது அவருடைய எண்ணம்.

பெயர்கள் இருந்தும் கைதுகள் இல்லை

கொலையாளிகள் யாரென்பது நெடுநாள் மறைந்திருக்கவில்லை. ஒரு நாள் கழிவதற்குள்ளாகவே தகவல்கள் வரத் தொடங்கின. தொலைபேசிக் கூண்டொன்றில் யாரோ விட்டுச்சென்ற கடிதத்திலும் சந்தேக நபர்களின் பெயர்கள் இருந்தன. அப்பகுதியில் ஏற்கெனவே கத்தியோடு திரிந்த ஒரு குழுவையே பலரும் சுட்டிக்காட்டினர். எனினும் நாட்கள் கடந்தனவேயன்றிக் கைதுகள் நிகழவில்லை. தம் மகன் ஏதேனும் கும்பலைச் சேர்ந்தவனோ என்ற தொனியிலேயே தம்மிடம் கேள்விகள் கேட்கப்பட்டன என்று பெற்றோர் வேதனையுற்றனர். உயிர் தப்பிய நண்பனும் பாதிக்கப்பட்டவனாக அன்றிச் சந்தேகத்துக்குரியவனைப் போலவே நடத்தப்பட்டான்.

தமக்குக் கிடைத்த பெயர்களை ஒரு தாளில் எழுதி உயர் பொலிஸ் அதிகாரி ஒருவரிடம் தாய் டொரீன் கொடுத்தார். அவர் அத்தாளை மடித்து மடித்துச் சிறு உருண்டையாக்கிக்கொண்டிருந்ததைத் தாம் கண்டதாக அவர் பின்னர் சாட்சியமளித்தார். பெற்ற தாயின் கண்ணீர் தோய்ந்த அத்தாள் குப்பைக்குரியதாகத் தென்பட்டதோ என்ற கேள்வி அந்நாட்டினர் பலருடைய உள்ளத்தில் தைத்தது.

1993 மே 6 இல் இலண்டன் வந்திருந்த நெல்சன் மண்டேலா, ஸ்டீபனின் பெற்றோரைச் சந்தித்தார். கறுப்பின மக்களின் உயிர் மலிவாக எண்ணப்படும் நாட்டிலிருந்து வந்தவர் என்ற வகையில், அவர்களுடைய துயரைத் தம் துயராகவே கருதுவதாக அவர் கூறினார். மறுநாளே முதலாவது கைதுகள் நிகழ்ந்தன. கொலை நடந்து அப்போது பதினைந்து நாட்கள் கடந்திருந்தன. இருவர் மீது குற்றஞ்சாட்டப்பட்டது. ஆனால் போதிய சான்றுகள் இல்லையெனக் கூறி, 1993 ஜூலையில் அரச வழக்குத்தொடுநர்கள் அக்குற்றச்சாட்டுகளைக் கைவிட்டனர்.

அக்காலத்திலேயே மற்றொரு துயர முடிவையும் பெற்றோர் எடுக்க நேர்ந்தது. இங்கிலாந்தில் அடக்கம் செய்தால் கல்லறைகூடச் சேதப்படுத்தப்படலாம் என்று அஞ்சி, மகனின் உடலை ஜமெய்க்காவுக்குக் கொண்டுசென்று அங்கே நல்லடக்கம் செய்தனர். அவர்களுடைய அச்சம் வீணானதன்று. ஸ்டீபன் வீழ்ந்த இடத்தில் பதிக்கப்பட்ட நினைவுக்கல் பின்னர் பலமுறை சேதமாக்கப்பட்டது.

விடாது தட்டிய பெற்றோர்

அரசு கைவிட்ட வழக்கைப் பெற்றோரே கையிலெடுத்தனர். தனிப்பட்ட குடிமக்களும் குற்றவியல் வழக்குத் தொடரலாம் என்ற பழைய உரிமை ஆங்கிலச் சட்டத்தில் உண்டு. சட்டத்தரணிகள் இம்ரான் கான், மைக்கல் மான்ஸ்பீல்ட் ஆகியோரின் துணையோடு மூவருக்கு எதிரான வழக்கு 1996 ஏப்ரலில் இலண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தில் விசாரணைக்கு வந்தது. அடையாளங் காட்டிய சாட்சியம் ஏற்கத்தக்கதன்று என நீதிபதி தீர்மானிக்க, வழக்கு சரிந்தது. மூவரும் விடுவிக்கப்பட்டனர். ஒரே குற்றத்துக்காக ஒருவரை இருமுறை விசாரிக்கலாகாது என்ற விதி அன்று நடைமுறையிலிருந்தபடியால், அம்மூவரையும் பொறுத்தவரை நீதியின் கதவு நிரந்தரமாகவே அடைபட்டதாகத் தோன்றியது.

பெற்றோரோ ஓயவில்லை. 1997 பெப்ரவரியில் முடிவுற்ற மரண விசாரணையில், ஸ்டீபன் எவ்வித ஆத்திரமூட்டலுமின்றி, ஐந்து வெள்ளையின இளைஞரால் இனவெறி காரணமாகச் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டான் என ஜூரர்கள் தீர்ப்புரைத்தனர். மறுநாள் 'டெய்லி மெயில்' பத்திரிகை சந்தேக நபர்கள் ஐவரின் படங்களையும் முதற்பக்கத்தில் இட்டு, அவர்களைக் கொலையாளிகள் என்றே குறிப்பிட்டு, பிழையெனில் வழக்குத் தொடருமாறு சவால் விடுத்தது. எவரும் வழக்குத் தொடரவில்லை. அப்பத்திரிகையின் ஆசிரியரின் வீட்டில் முன்னொரு காலத்தில் சுவர்ப் பூச்சு வேலை செய்தவர் நெவில் லோறன்ஸ் என்பது குறிப்பிடத்தக்கது. மகனை இழந்த தொழிலாளியின் நேர்மையை அவ்வாசிரியர் நேரில் அறிந்திருந்தார்.

லூக்கா நற்செய்தியின் பதினெட்டாம் அதிகாரத்தில் வரும் கைம்பெண்ணை இவ்விடத்தில் நினைவுகூராதிருக்க இயலாது. கடவுளுக்கு அஞ்சாத, மனிதரை மதியாத நடுவர் ஒருவரிடம் அவள் மீண்டும் மீண்டும் சென்றாள். அவள் கேட்டது பழிவாங்கலை அன்று, தனக்குரிய நீதியை. மனந்தளராமல் செபிப்பது எவ்வாறு என்பதைத் தம் சீடருக்குக் கற்பிக்க விரும்பிய இயேசு, ஆலயத்தின் மூலையில் மண்டியிட்டிருந்த ஒரு பெண்ணை எடுத்துக்காட்டாகக் கூறவில்லை. நீதிமன்ற வாசலில் நின்ற பெண்ணையே கூறினார். எனவே நீதி தேடி நடப்பவரின் கால்களும் செபிக்கின்றன என்று நாம் துணிந்து சொல்லலாம்.

உண்மையை உரைத்த அறிக்கை

1997 ஜூலையில் உள்துறை அமைச்சர் ஜக் ஸ்ட்ரோ பகிரங்க விசாரணையொன்றுக்குக் கட்டளையிட்டார். ஓய்வுபெற்ற நீதிபதி சேர் வில்லியம் மக்பர்சன் அதற்குத் தலைமை தாங்கினார். அவருடைய ஆலோசகர் மூவருள் ஒருவர், உகண்டாவில் பிறந்தவரும் பின்னாளில் யோர்க் பேராயராகியவருமான அங்கிலிக்கன் ஆயர் ஜோன் சென்ராமு. 1998 இல் அவ்விசாரணையின் முன்னிலையில் இலண்டன் பொலிஸின் உதவி ஆணையாளர் ஒருவர் நெவில் லோறன்ஸிடம் நேரடியாக மன்னிப்புக் கோரினார்.

1999 பெப்ரவரி 24 இல் வெளியான அறிக்கை, புலன் விசாரணையைச் சீர்குலைத்தவை மூன்று என்றது: தொழில் ரீதியான திறமையின்மை, நிறுவன ரீதியான இனவாதம், உயர் அதிகாரிகளின் தலைமைத்துவக் குறைபாடு. வீழ்ந்து கிடந்த ஸ்டீபனுக்கு அவ்விடம் வந்த பொலிஸார் உரிய முதலுதவி அளிக்காமையையும் அது சுட்டிக்காட்டியது. மொத்தம் 70 பரிந்துரைகள் அதில் இடம்பெற்றன.

'நிறுவன ரீதியான இனவாதம்' என்பதன் பொருளை நாம் சிறிது ஆராய்வது நன்று. ஒரு நிறுவனத்திலுள்ள ஒவ்வொருவரும் தீயவர் என்று அது கூறவில்லை. அறியாமை, சிந்தனைக் குறைவு, தம்மையறியாத முற்சாய்வு ஆகியவற்றால், நிறத்தையோ இனத்தையோ பண்பாட்டையோ காரணமாகக் கொண்டு ஒரு பகுதி மக்களுக்கு உரிய சேவை மறுக்கப்படும்போது, அத்தவறு நிறுவனம் முழுவதற்கும் உரியதாகிறது என்பதே அதன் கருத்து. பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1987 இல் வெளியிட்ட சமூகச் சுற்றுமடலில் 'பாவக் கட்டமைப்புகள்' பற்றிப் பேசியபோது இதையொத்த உண்மையையே உணர்த்தினார். தனி மனிதரின் பாவங்கள் ஒன்றுசேர்ந்து வழக்கமாகவும் அமைப்பாகவும் இறுகிவிடும்போது, அங்கே குற்றவாளி என்று எவரும் தம்மை உணர்வதில்லை. ஆனால் பாதிக்கப்பட்டவன் மட்டும் வாசலில் நின்றுகொண்டே இருக்கிறான்.

அறிக்கையின் பயனாக 2000 இல் இன உறவுச் சட்டம் திருத்தப்பட்டு, பொலிஸார் உள்ளிட்ட அரச நிறுவனங்களையும் கட்டுப்படுத்துவதாயிற்று. புதிய, வலுவான சான்று கிடைப்பின், விடுவிக்கப்பட்டவரையும் பாரதூரமான குற்றங்களுக்காக மீண்டும் விசாரிக்க 2003 ஆம் ஆண்டின் குற்றவியல் நீதிச் சட்டம் வழிவகுத்தது. அடைபட்ட கதவு இவ்வாறு மெல்லத் திறந்தது.

ஒரு துளி இரத்தம்

2006 இல் தொடங்கிய புதிய தடயவியல் ஆய்வில், 1993 இல் கைப்பற்றப்பட்டுப் பாதுகாக்கப்பட்டிருந்த ஆடைகள் மீண்டும் பரிசோதிக்கப்பட்டன. சந்தேக நபர் ஒருவரின் மேற்சட்டைக் கழுத்துப் பகுதியில் மிகச் சிறிய இரத்தக்கறையொன்று கண்டுபிடிக்கப்பட்டது. அதன் நீளம் 0.5 மில்லிமீற்றர், அகலம் 0.25 மில்லிமீற்றர். ஊசிமுனையளவேயான அத்துளி ஸ்டீபனின் இரத்தம் என்பது மரபணுப் பரிசோதனையில் தெரியவந்தது. ஆடையிழைகளும் முடித்துண்டுகளும் சான்றுகளாயின. 2011 இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் கரி டொப்சனின் பழைய விடுதலையை இரத்துச் செய்தது. 2012 ஜனவரி 3 இல் அவரும் டேவிட் நொரிஸும் கொலைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளிக்கப்பட்டனர். மறுநாள் இருவருக்கும் ஆயுட்காலத் தண்டனை விதிக்கப்பட்டது.

ஆபேலின் இரத்தத்துக்குக் குரல் உண்டு என்று விவிலியம் கூறுவதை வெறும் உருவகமென எண்ணுவோர் இத்துளியை நினைத்துப் பார்க்கட்டும். பதினெட்டு ஆண்டுகளுக்கு மேல் அது வாய் திறவாது காத்திருந்து, இறுதியில் சாட்சி சொன்னது. வேறொன்றையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். ஸ்டீபன் இவ்வுலகில் வாழ்ந்தது 18 ஆண்டுகளும் 7 மாதங்களும். அவனுடைய கொலைக்கு முதலாவது தீர்ப்பைப் பெறப் பெற்றோர் காத்திருந்தது 18 ஆண்டுகளும் 8 மாதங்களும். மகனை வளர்த்த காலத்தைவிட, அவனுக்காக நீதி கேட்டு நின்ற காலம் நீண்டதாயிற்று.

தீர்ப்பு நாளன்று டொரீன் மகிழ்ச்சி கொண்டாடவில்லை. மகன் கல்லறையில் இருக்கையில் தாம் எதைக் கொண்டாடுவது என்றே வினவினார். தாக்கிய குழுவில் ஐவரோ அறுவரோ இருந்தனர். தண்டனை பெற்றோர் இருவரே. குடும்பத்தினரையும் அவர்களுக்காகக் குரல் கொடுத்தவர்களையும் சூழ்ந்து இரகசியப் பொலிஸார் தகவல் சேகரித்தமை 2013 இல் வெளிவந்தது. துயருற்ற பெற்றோரே வேவு பார்க்கப்பட்டனர் என்ற செய்தி பழைய காயத்தை மீண்டும் கீறியது. 2020 இல் புலன் விசாரணை இடைநிறுத்தப்பட்டது. 2023 இல் பி.பி.சி. நிறுவனம், அதற்குள் இறந்துவிட்டிருந்த ஆறாவது சந்தேக நபரொருவரின் பெயரை வெளியிட்டது. பொலிஸார் தம் தவறுகளுக்காக மன்னிப்புக் கோரினர். அதுவரை குற்றத்தை மறுத்துவந்த நொரிஸ், தாக்குதல் நடந்த இடத்தில் தாம் இருந்ததை ஏற்றுக்கொண்டுள்ளார் என்பது 2025 இல் வெளியானது. எனினும் கத்தியைப் பிடித்தது தாமல்லர் என்றே அவர் கூறினார்.

இரு பெற்றோர், இரு பாதைகள்

இத்துயரம் குடும்பத்தையும் சிதைத்தது. 1999 இல் நெவிலும் டொரீனும் மணமுறிவு பெற்றனர். கொலையாளியின் கத்தி ஓர் உடலை மட்டும் ஊடுருவுவதில்லை; ஒரு வீட்டின் சாப்பாட்டு மேசையையும், பெற்றோரின் உரையாடலையும், எஞ்சிய பிள்ளைகளின் இளமையையும் அது ஊடுருவிச் செல்கிறது. துயருற்ற குடும்பங்களுக்கு ஆறுதல் சொல்லச் செல்வோர் இதனை மறக்கலாகாது.

2018 இல், மகன் இறந்து 25 ஆண்டுகள் நிறைவுறும் வேளையில், நெவில் லோறன்ஸ் தம் மகனைக் கொன்றவர்களைத் தாம் மன்னித்துவிட்டதாக அறிவித்தார். கிறிஸ்தவ விசுவாசத்தைத் தழுவிக்கொண்டமையே தம்மை இம்முடிவுக்கு இட்டுவந்தது என்றும், வாழ்க்கையில் தாம் செய்தவற்றுள் இதுவே மிகக் கடினமானது என்றும், நினைவு நாளை ஆலயத்தில் கழிக்கவிருப்பதாகவும் அவர் கூறினார்.

டொரீனின் நிலை வேறு. செய்த குற்றத்தை ஏற்று மனம் வருந்துபவனையே மன்னிக்க முடியும். அவர்களோ ஏற்கவுமில்லை, வருந்தவுமில்லை என்பதே அவருடைய நிலைப்பாடு. அவர் தம் துயரை உழைப்பாக மாற்றினார். 1998 இல் நிறுவப்பட்ட அறக்கட்டளையின் வழியாக, மகனைப் போன்றே கட்டடக் கலைஞராகும் கனவுடைய வசதி குறைந்த இளைஞர்களுக்கு உதவினார். 2013 இல் பிரபுக்கள் சபைக்கு நியமனம் பெற்று, தம் மகன் துயிலும் ஜமெய்க்காவின் கிளாரெண்டன் என்னும் இடத்தின் பெயரையே தம் பட்டப்பெயரில் சேர்த்துக்கொண்டார்.

இவ்விருவரில் எவர் சரி? இக்கேள்வியை அவசரமாகக் கேட்பது நமக்கு அழகன்று. ஸ்டீபன் என்ற பெயர் நம் திருச்சபையின் முதலாவது மறைசாட்சியான புனித முடியப்பரின் பெயரே. கல்லெறிபட்டு இறக்கும் வேளையில் தம்மைக் கொன்றவர்களுக்காக அவர் மன்றாடினார். தந்தை நெவில் அப்புனிதரின் வழியில் நடந்தார் எனலாம். ஆனால் தாய் டொரீன் கேட்டதும் நம் விசுவாசத்துக்கு அந்நியமானதன்று. ஒப்புரவு அருட்சாதனத்தில் குருவானவர் பாவமன்னிப்பு அளிக்குமுன் மனத்துயரும் பாவ அறிக்கையும் நம்மிடம் எதிர்பார்க்கப்படுகின்றன. பின்னர் பரிகாரமும் விதிக்கப்படுகிறது. பாவமன்னிப்புப் பாவத்தை நீக்குகிறது, எனினும் பிறருக்கு விளைவித்த தீங்கை இயன்றவரை ஈடுசெய்வது நீதியின் கடமையெனத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் போதிக்கிறது (இல. 1459). உண்மையை ஏற்றுக்கொள்ளாதவன் தனக்கு நீட்டப்படும் மன்னிப்பைப் பெற்றுக்கொள்ள வழியேது?

அதே மறைக்கல்வி நூல் மன்னிக்க முடியாமல் வருந்துவோருக்கு மிகக் கனிவான வார்த்தையொன்றையும் வைத்திருக்கிறது. பட்ட காயத்தை உணராதிருப்பதோ மறப்பதோ நம் ஆற்றலுக்குட்பட்டதன்று என்று அது ஏற்றுக்கொள்கிறது. தூய ஆவியாருக்குத் தன்னைக் கையளிக்கும் உள்ளமே அக்காயத்தைச் சிறிது சிறிதாக இரக்கமாகவும் பரிந்துரை மன்றாட்டாகவும் மாற்றுகிறது (இல. 2843). எனவே மன்னிப்பு என்பது மற்றவர் வற்புறுத்திப் பெறும் பொருளன்று, அருளின் கனி. நெவிலுக்கு அது கனிய 25 ஆண்டுகள் தேவைப்பட்டன. பிள்ளையைப் புதைத்த மறுவாரமே அக்கனியைத் தாயிடம் கேட்க நாம் யார்?

மன்னிப்பு நீதியைத் தள்ளுபடி செய்வதில்லை

1981 மே 13 இல் புனித பேதுரு சதுக்கத்தில் பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் சுடப்பட்டார். நான்கு நாட்களில், மருத்துவமனைப் படுக்கையிலிருந்தே, தம்மைச் சுட்டவரைத் தாம் மன்னிப்பதாக அறிவித்தார். 1983 டிசெம்பரில் சிறைக்குச் சென்று அவரோடு அமர்ந்து உரையாடினார். ஆனால் அச்சிறையின் கதவு அன்று திறக்கப்படவில்லை. இத்தாலிய அரசு அம்மனிதருக்குப் பொதுமன்னிப்பு வழங்கியது 2000 ஆம் ஆண்டிலேயாகும். பாப்பரசரின் மன்னிப்பு உள்ளத்தின் செயல். நீதிமன்றத்தின் தண்டனை சமூகத்தின் கடமை. ஒன்று மற்றதை அழிக்கவில்லை. 2002 ஆம் ஆண்டின் உலக சமாதான தினச் செய்தியிலும் அவர் இதனையே போதித்தார். நீதியின்றிச் சமாதானம் இல்லை; மன்னிப்பின்றி நீதியும் நிறைவுறாது.

ஆகவே, அன்பார்ந்த வாசகர்களே, நாம் மூன்று காரியங்களை நம் குடும்பங்களில் சிந்திப்போம்.

முதலாவது, துயருற்றோரைக் குறித்தது. கொல்லப்பட்ட, அல்லது என்னவானான் என்றே அறியப்படாத பிள்ளையின் படத்தை நெஞ்சோடு அணைத்து நிற்கும் தாயிடம் மன்னிப்பைப் பற்றி நாம் முதலில் பேச வேண்டியதில்லை. சவுலின் துணைவியருள் ஒருத்தியான ரிஸ்பா, கொல்லப்பட்ட தன் புதல்வரின் உடல்களைப் பறவைகளும் விலங்குகளும் தீண்டாதபடி அறுவடைத் தொடக்கம் முதல் மழை பெய்யும்வரை பாறை மேல் காவல் இருந்தாள் (2 சாமு. 21). எவரும் அவளை வீடு திரும்பும்படி அதட்டியதாக விவிலியம் கூறவில்லை. மாறாக, அவளுடைய காவல் தாவீது அரசனையே அசைத்தது. புறக்கணிக்கப்பட்ட எலும்புகள் உரிய மதிப்போடு அடக்கம் செய்யப்பட்டன. அத்தகைய தாயின் அருகில் சிறிது நேரம் நிற்பதே நாம் செய்யக்கூடிய முதற் பணி.

இரண்டாவது, சாட்சிகளைக் குறித்தது. எல்தமில் பலர் பெயர்களை அறிந்திருந்தனர். இரகசியமாகச் சொன்னவர்கள் இருந்தனர். நீதிமன்றத்தில் வந்து நின்று சொல்லத் துணிந்தவர்கள் அரிதாயினர். அச்சம் மனித இயல்பே. ஆயினும் பொய்ச்சாட்சி சொல்லாதே என்னும் எட்டாம் கட்டளை, சொல்ல வேண்டிய உண்மையைச் சொல்லும் கடமையையும் உள்ளடக்கியதே.

மூன்றாவது, பெற்றோராகிய நம்மைக் குறித்தது. இவ்வரலாற்றைக் கேட்கும்போது நாம் இயல்பாகவே ஸ்டீபனின் பெற்றோர் இடத்தில் நம்மை வைத்துப் பார்க்கிறோம். ஆனால் கத்தி ஏந்தியவர்களுக்கும் பெற்றோர் இருந்தனர். 2011 இல் வழக்கு நடந்தபோது, தம் பிள்ளைகள் அன்றிரவு வீட்டிலேயே இருந்திருப்பர் என்ற வகையில் அவர்கள் சாட்சியமளித்தனர். ஜூரர்கள் அதனை ஏற்கவில்லை. பிள்ளைப் பாசம் உண்மையைவிடப் பெரிதாகும்போது அது பிள்ளையையே அழிக்கிறது. 1994 இல் பொலிஸார் இரகசியமாகப் பதிவுசெய்த ஒளிப்பதிவில், சந்தேக நபர்கள் பிற இனத்தவரைக் குறித்து வெறுப்பை உமிழ்ந்து பேசியதும் கத்தியோடு விளையாடியதும் பதிவாகியிருந்தன. அவ்வெறுப்பு ஒரே இரவில் பிறந்ததன்று. பிற இனத்தவரை, பிற மதத்தவரை, பிற சாதியினரை இழித்துரைக்கும் சொற்கள் நம் வீட்டு மேசையில் சிரிப்போடு பரிமாறப்படும்போது, கேட்டுக்கொண்டிருக்கும் பிள்ளை எதைக் கற்றுக்கொள்கிறான்? நம் பிள்ளை ஒருவனுக்குத் தீங்கிழைத்துவிட்டு வீடு திரும்பினால், நாம் அவனுடைய ஆடையைக் கழுவுவோமா, அல்லது அவனுடைய கையைப் பிடித்து உண்மையிடம் அழைத்துச் செல்வோமா?

2019 முதல் ஏப்ரல் 22 ஆம் நாள் பிரித்தானியாவில் ஸ்டீபன் லோறன்ஸ் தினமாக நினைவுகூரப்படுகிறது. தண்டிக்கப்படாதோர் இன்னும் உளர். தாயின் கேள்விக்கு முழு விடை கிடைக்கவில்லை. தந்தை மன்னித்திருக்கிறார்; தாய் கேட்டுக்கொண்டே இருக்கிறார். நீதியுள்ள நடுவராகிய இறைவன் முன்னிலையில் இவ்விரு குரல்களும் ஒன்றுக்கொன்று பகையானவை அல்ல. சிலுவையடியில் நின்ற வியாகுல அன்னை இவ்விரண்டையும் அறிந்தவர். தம்மைக் கொல்வோருக்காக மன்றாடிய மகனின் குரலை அவர் கேட்டார். மாசற்ற மகனுக்கு இழைக்கப்பட்ட அநீதியையும் கண்ணாரக் கண்டார்.

இன்று மாலைக் குடும்பச் செபமாலையில் துயர மறையுண்மைகளைத் தியானிக்கையில், பிள்ளைகளுக்காக இன்னும் வாசல்களில் காத்து நிற்கும் பெற்றோர் அனைவரையும் அவ்வன்னையிடம் ஒப்புக்கொடுப்போம். நீதி தேடுவோரின் கால்கள் தளராதிருக்கவும், மன்னிக்க விரும்பியும் இயலாதோரின் உள்ளத்தில் ஆறுதல் ஊறவும், தீங்கிழைத்தோர் உண்மையை உரைக்கும் துணிவைப் பெறவும் மன்றாடுவோம். அத்தோடு, நம் அயலில் அவ்வாறான ஒரு வீடு இருக்குமாயின், செபம் முடிந்ததும் எழுந்து அவ்வீட்டுக்குச் சென்று வருவோம்.